செவலையின் ஸ்நானம்

பங்குனி மாதத்துப் பின்னிரவுகளில், முந்திரிப் பழங்கள் தாமாகவே உதிர்ந்து செம்மண்ணிற் கிடந்து புளிக்கத் தொடங்கி, ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள தோப்புகளெல்லாம் மயக்கம் தருவதொரு வாடையில் ஆழ்ந்திருக்கும் வேளையில், பகலெல்லாம் மரப்பொந்துகளிலும் பனையின் காய்ந்த மட்டை இடுக்குகளிலும் உறங்கிய மரநாய்கள் இறங்கிவந்து அப்பழங்களை உண்டு களிப்பதும், அதைக் கண்டு பொறாத ஊர்நாய்கள் காவல் என்ற பெயரால் அவற்றைத் துரத்திச் செல்வதும் எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் நிகழும் சங்கதி. அவ்வாறு துரத்திப்போன எங்கள் வீட்டுச் செவலை, சென்ற பங்குனியில் ஒரு நாள் விடியுமுன் திரும்பிவந்து, திண்ணையில் படுத்திருந்த என் போர்வையின்மேல் தன் முதுகை வெகு ஆசையோடு தேய்த்தது. நான் கண் விழித்து என்னவென்று தெளிவதற்குள், உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தத் துர்க்கந்தத்தை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. ஊறப்போட்ட ஆட்டுத்தோலையும் நான்கு நாள் கஞ்சியையும் ஒரே பானையிலிட்டு மூடிவைத்துத் திறந்தால் எழுவது அதற்குத் தூரத்து உறவாகலாம். செவலையோ, திருவிழாவில் பரிவட்டம் கட்டப்பெற்ற பெரியவரைப்போல நிமிர்ந்து நின்றது. பொழுது புலர்ந்ததும் யோசனைகள் வரத் தொடங்கின. "பினாயில்ல ஒரு முக்கு முக்கி எடுங்க ஐயா, வாடை ஓடிப்போயிடும்" என்றார் பால்காரர். எதிர்வீட்டு அம்மாள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னார். என் மகன் தான் பூசிக்கொள்ளும் பவுடரை அரை டப்பா தூவினான். அதன்பின் ஆட்டுத்தோலின் மணத்தோடு மல்லிகையின் மணமும் சேர்ந்துகொண்டது. இத்தனை யோசனைகளுள் ஒன்றேனும் "இது என்ன நாற்றம்?" என்ற கேள்வியிலிருந்து பிறக்கவில்லை என்பதுதான், அன்றும் பிறகும் நான் நினைத்து நினைத்து வியந்த விஷயம்.

ஏன் வியந்தேன் என்றால், அடுப்படியில் நிற்கும்போது நம்மவர் அப்படி இருப்பதில்லை. மீன் கழுவிய சட்டியைப் புளியால் துலக்குகிறவர்கள், எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியைப் புளியால் துலக்குவதில்லை. அதற்குச் சாம்பலையோ சீயக்காயையோ தேடுகிறார்கள். மீனின் வாடைக்குக் காரணமான அமீன் என்னும் பொருள்கள் காரத் தன்மை உடையன. புளியின் அமிலம் அவற்றைத் தொட்டதும் அவை உப்பாக மாறி, ஆவியாகி மூக்கை எட்டும் ஆற்றலை இழந்து நீரோடு போய்விடுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கின் கதை நேர்மாறானது. கெட்டுப்போன கொழுப்பிலிருந்து பிரியும் அமிலங்களே அங்கே நாறுகின்றன. சாம்பலின் க்ஷாரம் அவற்றைச் சோப்பாக்கிக் கரைத்துவிடுகிறது. ரசாயன சாஸ்திரத்தின் ஒரு சொல்லும் அறியாத என் அப்பாயி, பள்ளிக்கூடத்தில் நான் அமிலம், காரம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், அவ்விரண்டையும் வலக்கையிலும் இடக்கையிலுமாக வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நாற்றத்திற்கு இனம் உண்டு, இனத்திற்கேற்ற மாற்று உண்டு என்னும் இந்த ஞானம் வாணலிக்கு மட்டும் கிடைத்து, வாயில்லா ஜீவனுக்குக் கிடைக்காமற் போவது நியாயமா என்பதுதான் என் வழக்கு.

செவலையின்மேல் இருந்தது எந்த இனம்? மரநாய்க்கு அதன் பெயரில்தான் நாய் இருக்கிறதே ஒழிய, குலத்தால் அது புனுகுப் பூனைக்கு உறவு. இவ்வினத்துப் பிராணிகளுக்கெல்லாம் வாலின் அடியில் சுரப்பிகள் உண்டு. எல்லையைக் குறிப்பதற்கும், துணையை அழைப்பதற்கும், துரத்துபவனைத் திகைக்கச் செய்வதற்கும் அவற்றிலிருந்து கசியும் பிசின் பயன்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை. புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து எடுப்பதைத்தான் நம் முன்னோர் சந்தனத்தோடும் ஜவ்வாதோடும் சேர்த்துப் பரிமள திரவியம் என்று போற்றினர். திருமலையில் வேங்கடவனுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்திற்குப் பிறகு புனுகுத் தைலம் சாத்தும் வழக்கம் இன்றும் உண்டு. புனுகின் மணத்திற்கு மூலமான பொருளின் அமைப்பை ஆராய்ந்து 1926-இல் வெளிப்படுத்திய லியோபோல்ட் ருஷிச்கா என்னும் ரசாயன அறிஞர், 1939-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர். குன்றிமணியளவு எடுத்து எண்ணெயில் கரைத்தால் தெய்வத்துக்கு ஆகும் வாசனை, திரளாக நாயின் முதுகில் அப்பினால் வீட்டைக் காலி செய்ய வைக்கிறது. நாற்றம் என்ற சொல்லே பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்துநின்று, பின்னர் இழிந்த பொருளுக்கு இறங்கியதல்லவா? சொல்லுக்கு நேர்ந்ததுதான் பொருளுக்கும் நேர்கிறது போலும்.

அன்று மாலை, நியூ ஜெர்ஸியில் வாழும் என் தங்கை மகன் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, நம்ம ஊருக்கும் ஸ்கங்க் வந்துடுச்சா?" என்றான். ஸ்கங்க் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும், கறுப்புடம்பில் வெள்ளைப் பட்டை ஓடும், பூனையளவுள்ள ஒரு ஜந்து. சீண்டிய பகைவனை நோக்கி வாலைத் தூக்கி, பல அடி தூரத்துக்குத் துர்நாற்றத் திரவத்தைப் பீச்சுவதே அதன் ஆயுதம். அவனுடைய நாய் முன்னொரு சமயம் அதன் பிரசாதத்தைப் பெற்றுவந்தபோது, அண்டை வீட்டார் சொன்னபடி டப்பா டப்பாவாகத் தக்காளிச் சாற்றை வாங்கிவந்து அபிஷேகம் செய்தானாம். வாடை குறைந்தாற்போலத் தோன்றியதாம். மறுநாள் அலுவலகத்தில் இவன் நாற்காலியைச் சுற்றி ஒருவரும் உட்காரவில்லையாம்! தக்காளியின் மகிமை அவ்வளவுதான். ஒரே நாற்றத்தை நெடுநேரம் முகர்ந்த மூக்கு களைத்து, அதனை உணர்வதை நிறுத்திவிடுகிறது; புதிதாக வந்த தக்காளியின் வாசனையை மட்டும் உணர்கிறது. களைப்படையாத மூக்கோடு வெளியிலிருந்து வருபவனை ஏமாற்ற முடியாது. என் மகன் தூவிய பவுடரும், நாம் விருந்தாளி வருமுன் அவசரமாகக் கொளுத்தும் ஊதுபத்தியும் இந்தத் தக்காளிக்குச் சகோதரங்களே.

ஸ்கங்க்கின் திரவத்தில் இருப்பவை தயால் எனப்படும் கந்தகக் கூட்டுப்பொருள்கள். இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமன்று. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகச் சிலிண்டரில் கலக்கிறார்களே, மூக்கைத் துளைக்கும் அந்த மெர்காப்டன், அதுவும் இக்குடும்பத்ததே. காற்றில் நூறு கோடிக்குச் சில துளி என்ற அளவில் இருந்தாலும் மனித மூக்கு இதனைக் கண்டுகொள்ளும். இவற்றை அமிலத்தாலும் அசைக்க இயலாது, வெறும் சோப்பாலும் இயலாது. பிராணவாயுவைக் கொடுத்து வேறு பொருளாக மாற்றினால்தான் ஒழியும். 1993-இல் இல்லினாய்ஸ் மாநிலத்து ரசாயனர் பால் கிரேபாம், ஆய்வுக்கூடத்தில் இத்தகைய வாயுக்களை அடக்குவதற்குத் தாம் கையாண்ட முறையையே சாதுவாக்கி, ஸ்கங்க்கிடம் மாட்டிய பிராணிகளுக்கு ஏற்ற ஒரு கலவையாக வெளியிட்டார்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒன்றிரண்டு தேக்கரண்டி. கலந்த உடனே ரோமத்தில் தேய்த்து, ஐந்து நிமிஷம் விட்டு, நன்றாக அலசிவிட வேண்டும். கண்ணில் படலாகாது. மிச்சத்தைப் புட்டியில் மூடிவைத்தால் உள்ளே பிராணவாயு பெருகிப் புட்டி வெடிக்கும். கறுத்த ரோமம் சற்று வெளுக்கவும் கூடும். இதைப் படித்துவிட்டு இங்கே எவரேனும் செய்ய முனைந்தால் இரண்டு எச்சரிக்கைகள்: நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் விற்பது 6 சதவீதக் கரைசல், ஆகையால் சம அளவு நீர் விட்டுக்கொள்ள வேண்டும், சோடா என்றால் ஆப்பத்துக்குப் போடும் சோடா, துணி வெளுக்கும் சோடா அன்று.

ஸ்கங்க்கின் திரவத்தில் இன்னுமொரு சூழ்ச்சி உண்டு. தயோஅஸிடேட் என்னும் சில பொருள்கள் உலர்ந்திருக்கும்போது அதிகம் நாறாமல், நீர் பட்டதும் சிறிது சிறிதாகச் சிதைந்து மீண்டும் நாறும் தயாலை வெளிவிடுகின்றன. குளிப்பாட்டிச் சுத்தமாயிற்று என்று நம்பிய நாய், பத்து நாள் கழித்து மழையில் நனைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று நிற்பதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் ஸ்கங்க் இல்லை. ஆனால் நாய்க்கு அகப்படும் சந்தர்ப்பங்களுக்குக் குறைவும் இல்லை. ஏரிக்கரையில் அழுகிய கெண்டை மீன், வேலியோரத்தில் செத்த பாம்பு, கொட்டிலின் குப்பைக்குழி ஆகிய எதைக் கண்டாலும் முதலில் தோளைச் சாய்த்து, பின்னர் முதுகை மல்லாத்தி, கால்கள் நான்கையும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டு அது புரளும் ஆனந்தத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேட்டையின்போது தன் வாடையை மறைக்கப் புரளுகிறது என்பாரும், தான் கண்ட செய்தியைக் கூட்டத்தாருக்கு எடுத்துச் செல்கிறது என்பாரும் உளர். அறிஞர்களுக்குள் முடிவான கருத்து இல்லை. பிறகு மூஞ்சூறு இருக்கிறது. விலாப்புறத்தில் வாசனைச் சுரப்பியோடு சுவரோரமாக ஓடும் அந்தச் சிறு ஜீவனை அறியாத நாய்க்குட்டி கவ்விவிட்டு, மறுகணமே உதறி, வாயில் நுரை தள்ள நிலத்தில் முகத்தைத் தேய்க்கும். பைரவர் வாகனம் விநாயகர் வாகனத்திடம் தோற்கும் அந்தக் காட்சியை எங்கள் தெருவில் நானே இருமுறை கண்டிருக்கிறேன். அதற்கு வாயைக் கழுவ நல்ல தண்ணீர் கொடுத்தால் போதும். வேறு சிகிச்சை வேண்டுவதில்லை.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்று தொடங்கும் பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு; அதன் பிற்பகுதி வாசகர் அறிந்ததே. அந்தப் பழமொழியை உண்டாக்கியவர் நாயின் மூக்கை நினைத்துப்பார்க்கவில்லை. மனிதனுக்கு மோப்ப உணர்விகள் சுமார் அறுபது இலட்சம் என்றால், நாய்க்கு அதன் இனத்தைப் பொறுத்து இருபது கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். நாம் அத்தர் என்று கருதுவதை அது உபத்திரவம் என்றும், நாம் உபத்திரவம் என்று கருதுவதை அது அத்தர் என்றும் கொள்வதற்கு அதற்குச் சகல அதிகாரமும் உண்டு. கடைகளில் ரோஜா, லாவண்டர் என்று பெயர் எழுதி நாய்களுக்காக விற்கும் சோப்புத் திரவங்களைக் காணும்போதெல்லாம், இவை யாருடைய மூக்குக்காகச் செய்யப்பட்டன என்று கேட்கத் தோன்றுகிறது.

குற்றம் செய்தது நாய், தண்டனை பினாயில் என்ற மனப்பான்மைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தரை கழுவும் கறுப்புப் பினாயிலில் இருக்கும் நிலக்கரித் தாரின் வழிவந்த பொருள்கள், தோலைப் புண்ணாக்குவதோடு நில்லாமல் தோலின் வழியே உள்ளேயும் புகுந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்க வல்லவை. மண்ணெண்ணெயைப் பூசினால் நாய் நக்கும். நக்கியது புரையேறி நுரையீரலுக்குப் போனால் சில நாட்களில் மூச்சுமுட்டிச் சாகவும் நேரும். சொறிக்கு மருந்தென்று இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பூசும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். சோறு வைத்து வளர்க்கிற கைகளேதான் செய்கின்றன.

இந்த இடத்தில் என் வழக்கிலேயே ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மீன் வாடைக்குப் புளி என்றேன். ஆனால் ஏரிமீனில் புரண்ட நாயைப் புளிக்கரைசலில் குளிப்பாட்டலாகாது. புளியில் நிறைந்துள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்திற்கு ஆகாதது என்று கால்நடை மருத்துவர்கள் அண்மையில்தான் கருதத் தலைப்பட்டனர். புளி தின்று சிறுநீரகம் பழுதுற்ற நாய்களைப் பற்றிய ஆராய்ச்சி 2022-இல் வெளிவந்தது. திராட்சை நாய்க்கு நஞ்சாவதன் ரகசியமும் அந்த அமிலமே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். உடம்பில் பூசியதையெல்லாம் நக்கிப் பார்ப்பது நாயின் சுபாவமாகையால், புளியின் இடத்தில் புளித்த மோரை வைத்துக்கொள்வது உத்தமம். அதுபோலவே சாம்பலும் வாணலிக்குத்தான். முந்திரிக்கொட்டை உடைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்யாதிருக்கச் சாம்பலைத் தடவிக்கொள்வார்கள் என்பது உண்மையே. எனினும், நனைந்த ரோமத்தினுள் தங்கிய சாம்பல் தோலை அரிக்கும். அடுப்படியிலிருந்து நாம் கொள்ள வேண்டியது அதன் யுக்தியை. பண்டத்தை நாயின் தோலும் நாக்கும் தீர்மானிக்கட்டும்.

செவலைக்கு என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. மரநாயின் பிசின் கொழுப்பு வகையானது. தண்ணீரை ஊற்றினால் அது கரையாமல் ரோமம் முழுவதும் பரவும். ஆகவே முதலில் தண்ணீரைத் தொடவில்லை. முதுகிலும் தோளிலும் கடலைமாவை அள்ளி அப்பி, பிசினை மாவு உறிஞ்சும்வரை விட்டு, பழைய கோணித் துண்டால் வழித்தெடுத்தேன். அந்த வேளையிலேயே காது, மூஞ்சி, முன்னங்கால் ஆகியவற்றில் கடிவாய் ஏதும் உண்டா என்று ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். இது வாடையைவிட முக்கியமான காரியம். காட்டு ஜீவனோடு கட்டிப்புரண்ட நாய்க்கு வெறிநோய் தொற்றும் அபாயம் உண்டாகையால், கீறல் இருந்தால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி செவலைக்கு முறையாகப் போட்டிருந்தது; கீறலும் இல்லை. பிறகு, உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்புத் தூளை வெந்நீரில் குழைத்து, இரண்டு தடவை தேய்த்து, இரண்டு தடவை அலசினேன். மனிதனின் தோல் சற்று அமிலத் தன்மை உடையது, நாயின் தோலோ ஏறக்குறைய நடுநிலையானது. ஆகையால் நமக்கென்று செய்த சோப்பு அதற்குப் பொருந்துவதில்லை. அரப்பின் நுரை சாதுவானது, வாசனையும் அடக்கமானது. செவலை அதையும் விரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லா நாற்றமும் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதுமன்று. நாயின் பின்புறத்திலேயே இரு சிறு பைகள் உண்டு. அவை அடைபட்டால் மீன் வாடை வீசும், நாய் தரையில் அமர்ந்தபடி இழுத்துக்கொண்டே நகரும். காதில் சீழ், பல்லில் சொத்தை, தோலில் பூஞ்சை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாடை உண்டு. இவற்றைக் குளிப்பாட்டி மறைத்தால் நோயை மறைத்ததாகும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் வாசலிலும், மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி பற்றி எழுதிவைத்திருக்கும் பலகைக்குப் பக்கத்தில், நாயின்மேல் பினாயிலும் மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் படலாகாது என்று நல்ல தமிழில் நான்கு வரி எழுதிவைக்கலாகாதா? வர்ணத்துக்கும் பலகைக்கும் ஆகும் செலவை எந்த ஊராட்சியும் தாங்கும்.

மூன்றாம் நாள் காலையில் செவலை மணமற்று, ரோமம் பளபளத்து, வெயிலில் கிடந்தது. அதைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கையை முகர்ந்தால் மரநாய் மறுபடி வந்து நின்றது. முதுகை முகர்ந்தேன், தோளை முகர்ந்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் பார்த்தால், கழுத்துப் பட்டையைக் கழற்றாமலே குளிப்பாட்டியிருக்கிறேன். பிசினைக் குடித்து ஊறிப்போயிருந்த அந்தத் தோல் வாரைக் கழற்றிக் கொல்லைப்புற வேலியில் தூரமாகத் தொங்கவிட்டேன். வெயில் ஏறியதும் திண்ணையில் செவலையைக் காணோம். வேலியடியில், வாருக்கு நேர்கீழே, மூக்கை மேலே தூக்கிவைத்துக்கொண்டு அது கண்மூடிப் படுத்திருந்தது.